லிட்டருக்குப் பதினெட்டு

சனிக்கிழமை, மணி பதினொன்று ஐம்பத்தேழு. இன்னும் மூன்று நிமிடத்தில் கிளைட்டன் ஒரு பொய் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் காரை இழக்க வேண்டும்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகம். இறக்குமதிக் காகிதங்கள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கைப்பேசியில் இவ்வளவு தட்டியிருந்தான்:

"நூன் ரிப்போர்ட். ஓடிய தூரம்: 214 கி.மீ. காற்று: கச்சான், பலம். சாலை: கண்டெய்னர் லாரி நெரிசல். ஏசி: உண்டு. லிட்டருக்கு:"

அதற்கு மேல் விரல் நகரவில்லை.

நூன் ரிப்போர்ட் என்பது கப்பல்காரர்களின் வழக்கம். கடலில் போகும் கப்பல் தினமும் நண்பகலில், எவ்வளவு தூரம் ஓடினோம், எவ்வளவு எண்ணெய் எரித்தோம், காற்று எப்படி, அலை எப்படி என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பும். கிளைட்டனின் மாமனார் சிலுவை முப்பத்திரண்டு வருடம் கப்பலில் இருந்து, சீஃப் எஞ்சினியராக ஓய்வு பெற்றவர். கப்பல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கையில் மிச்சமிருந்த ஒரே எஞ்சின் பத்து வருடத்து வெள்ளி நிறக் கார். அதற்குத்தான் இப்போது ரிப்போர்ட். கப்பலுக்குத் தினமும் என்றாலும் காருக்குச் சனிக்கிழமை மட்டும் போதும் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்.

மூத்த மகளின் பிரசவத்துக்காக அவரும் மாமி பிளாரன்ஸும் சென்னைக்குப் புறப்பட்ட அன்று, சாவியை இளைய மருமகன் கையில் வைத்தபடி அவர் சொன்னார்:

"மாப்ள, இந்த வண்டி லிட்டருக்குப் பதினெட்டு குடுக்கு. பத்து வருஷமா குடுக்கு. நான் திரும்பி வரும்போதும் பதினெட்டு குடுத்துச்சுன்னா வண்டிய நீங்களே வச்சுக்கங்க. குறைஞ்சா ஹென்றி சென்னைக்கு ஓட்டிட்டுப் போயிருவான்."

ஹென்றி மூத்த மருமகன். கப்பலில் செகண்ட் எஞ்சினியர். மாமனார் பார்வையில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: கப்பலுக்குப் போனவர்கள், தரை ஆட்கள். கிளைட்டன் கப்பல் ஏஜென்சியில் ஆறு வருடமாக வேலை பார்த்தாலும் கப்பலில் ஏறியது இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் கையெழுத்து வாங்க.

பதினெட்டு என்பது வாய்ப்பேச்சு இல்லை. டாஷ்போர்டுக்குள் பச்சை அட்டை போட்ட நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, தூரம், லிட்டர், வகுத்து வந்த எண். ஓரத்தில் பெட்ரோல் பங்க் பில் பசை தடவி ஒட்டியிருந்தது. 18.0, 18.1, 17.9, 18.0. கிளைட்டன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரிபார்த்தான். பத்து வருடத்தில் ஒரு பிழை இல்லை. அன்றே அவனும் தனக்கென்று ஒரு நோட்டுப் போட்டான்.

கார் போனால் கிளைட்டன் சகித்துக்கொள்வான். பிரச்சினை அவன் மனைவி சுஜிதா. அவள் முத்தையாபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு பஸ் மாறி, பாதி தூரம் நின்றுகொண்டே போவாள். கார் கைக்கு வந்த முதல் வாரம், பள்ளி வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்: "ஏழு வருஷத்துல இன்னைக்குத்தான் சேலை கசங்காம கிளாசுக்குள்ள போறேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கிளைட்டன் எதையும் செய்யத் தயார். பொய் சொல்லக்கூடத் தயார்தான். ஆனால் சொன்ன பொய்யைத் தன் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு உண்மையையே தட்டினான்: 13.9.

பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்குப் போன் அடித்தது.

"மாப்ள, எட்டுக்குப் பதிலா மூணை அமுக்கிட்டீங்களோ?"

"இல்ல மாமா. பதிமூணு புள்ளி ஒன்பதுதான்."

"கச்சான் காத்துல நான் பம்பாய்க்கே கப்பல் ஓட்டியிருக்கேன். காத்தைச் சொல்லாதீங்க."

"இப்பப் பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் கலக்காங்க மாமா. அதனாலயும்…"

"எனக்கு மட்டும் தனியா கிணறு தோண்டியா ஊத்துனான்? அதே பங்க், அதே எத்தனால். போன மாசப் பக்கத்தைப் பாருங்க."

பார்த்தான். 18.0.

பின்னணியில் ஹென்றியின் குரல் கேட்டது: "ஆக்சிலேட்டர்ல பூப்போல காலை வைக்கணும்னு சொல்லுங்க மாமா. தையல் மிஷின் மாதிரி மிதிச்சா இப்படித்தான்."

அன்று மாலையே வண்டியை ஞானதீபம் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி."

"எத்தனாலா இருக்குமோ அண்ணாச்சி?"

"எத்தனாலுக்குச் சூடு கம்மி. பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குன்னு வச்சுக்க. இருபது கலந்தா நூத்துக்கு ஆறேழு அடிவாங்கும். பதினெட்டு பதினேழாகும். பதினாலாகாது."

"அப்ப மிச்சம் மூணு எங்க போச்சு?"

ஞானதீபம் குனிந்து கிளைட்டனின் வலது காலைப் பார்த்தார். "அது இங்கனதான் இருக்கு."

கிளைட்டனும் குனிந்து பார்த்தான். ஒன்பதாம் நம்பர் செருப்புப் போடும் சாதாரணக் கால். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அதன்மேல் அவனுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. இப்போது வந்தது.

திங்கட்கிழமை முதல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினான். நாற்பதுக்கு மேல் போவதில்லை. துறைமுகச் சாலையில் அவனுக்குப் பின்னால் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் சேர்ந்தன. ஒரு டிரைவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"ஏலே, சப்பரம் முன்னால போகுதோ? பாத்து, சாமி சாஞ்சிரப் போகுது!"

சுஜிதா மூன்று நாள் தாமதமாகப் போனாள். நான்காவது நாள் அவள் சொன்னாள்: "பஸ்ல சீக்கிரமா போயிட்டு இருந்தேன். அங்க உக்காரத்தான் இடம் இல்ல. இங்க இடம் இருக்கு, போய்ச் சேரத்தான் மாட்டேங்கு."

"கொஞ்சம் பொறு சுஜி. கால் பழகிட்டு வருது."

அந்தச் சனிக்கிழமை வண்டியைப் பங்கில் நிறுத்தினான். அங்கே மதியம் வரைக்குமோ மதியத்துக்குப் பிறகோ, முறை வைத்து வேலை பார்க்கும் பெண்களில் சந்தனச்செல்விதான் சுறுசுறுப்பு. நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சிலுவை ஐயா வண்டிதானே! நீங்க மருமவனா அண்ணாச்சி?"

"ஆமா. டேங்க் நிரப்பிருங்க."

நிரப்பிவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தவள், பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "எத்தனை பில்லு?"

அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று சிலர் கேட்டு வாங்குவது கிளைட்டனுக்குத் தெரியும். "ஒண்ணே போதும்."

"ஒண்ணே போதுமா?" அவள் அவனை இரண்டாம் முறை பார்த்தாள். "சரி. உங்க இஷ்டம்."

எண் 13.6. நாற்பதைத் தாண்டப் பயந்து பயந்து மூன்றாம் கியரிலேயே வண்டி முனகிக்கொண்டு போனதும், போகும் நேரம் கூடக் கூட ஏசி ஓடும் நேரமும் கூடியதும் அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. உடனே நோட்டில் எழுதினான்: "ஏசியே குற்றவாளி."

அடுத்த வாரம் ஏசி இல்லை. நான்கு கண்ணாடிகளும் கீழே இறங்கின. மேற்கிலிருந்து வீசும் ஆனி மாதக் கச்சான் காற்று உப்பளத்தின் மேல் புரண்டு, ஒரு ஜன்னல் வழியாக ஏறி மறு ஜன்னல் வழியாக இறங்கியது. போகிற போக்கில் சுஜிதாவின் கொண்டையைக் கலைத்து, முகத்தில் மெல்லிசாக உப்பைத் தடவிவிட்டுப் போனது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து மரியாதையாகக் கேட்டதாம்: "டீச்சர், நீங்க போட்லயா வந்திய?"

எண் 13.4.

"கண்ணாடிய இறக்கிட்டு எதிர்க்காத்துல போனா அது கார் இல்ல தம்பி, பாய்மரம்" என்றார் ஞானதீபம். "காத்து உள்ள புகுந்து பின்னால இழுக்கும். ஏசியப் போட்டே போயிருக்கலாம். ஆமா, டயர்ல காத்து எவ்வளவு இருக்கு? டிக்கியில என்ன வெயிட் வச்சிருக்கே?"

அவர் சும்மாதான் கேட்டார். ஆனால் கிளைட்டனிடம் எதையும் சும்மா கேட்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து டிக்கியைக் காலி செய்தான். ஜாக்கி, ஸ்பானர் பை, குடை, மாமியின் ஜெபமாலைப் புத்தகக் கட்டு எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக ஸ்டெப்னி டயர். அதைத் தராசில் நிறுத்தினான், பதினான்கு கிலோ. கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான். மற்ற நான்கு டயருக்கும் முப்பத்திரண்டுக்குப் பதில் நாற்பது காற்று.

ஞாயிற்றுக்கிழமை ஏரலில் சுஜிதாவின் சக ஆசிரியை வீட்டுப் புதுமனை புகுவிழா. வண்டி கல்லுக்குக் கல் துள்ளிக்கொண்டு போனது. "ஏங்க, இது காரா தவளையா?" என்று சுஜிதா கேட்டு முடிப்பதற்குள், ஏரலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், கல்லாக இறுகியிருந்த டயரில் ஒரு லாட ஆணி ஏறியது.

சுஜிதா இறங்கி டயரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஸ்டெப்னி?"

"கட்டிலுக்கு அடியில."

"எந்தக் கட்டிலுக்கு?"

"நம்ம கட்டிலுக்கு."

ஞாயிற்றுக்கிழமை, ஏரலில் பஞ்சர் கடை பூட்டியிருந்தது. கிளைட்டன் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய், ஸ்டெப்னியைத் தோளில் சுமந்து, திரும்பவும் பஸ் ஏறினான். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கூட்டத்தில் யார் காலிலும் உருளாமல் இருக்க ஒரு சீட்டில் படுக்க வைக்கச் சொன்னார்கள். ஏரல் வரைக்கும் ஸ்டெப்னி உட்கார்ந்து வந்தது. கிளைட்டன் நின்றுகொண்டு வந்தான். பாதி வழியில்தான் ஜாக்கியும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது என்பது ஞாபகம் வந்தது. ஏரலில் ஒரு லோடு ஆட்டோக்காரரைக் கெஞ்சி அவர் ஜாக்கியோடு போய்ச் சேர்ந்தான்.

அந்த மூன்று மணி நேரமும் வெயிலில் வேறு வழியில்லாமல் சுஜிதா எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓர் அங்குலம் நகராமல் மூன்று லிட்டர் பெட்ரோலை முடித்திருந்தது.

அந்த வார எண் 11.3.

மாமனாரிடமிருந்து இந்த முறை போன் வரவில்லை. வாட்ஸப்பில் ஒரு படம் மட்டும் வந்தது. நங்கூரம்.

"அப்படின்னா என்ன அர்த்தம் சுஜி?"

"கப்பலை நிறுத்தியாச்சுன்னு அர்த்தம்" என்றாள் சுஜிதா. பிறகு கைப்பையைத் திறந்து பார்த்து, "பழைய பஸ் பாஸை எங்க வச்சேன்னு தேடணும்" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இனி ஒரே ஒரு சாத்தியம்தான் மிச்சம். பங்கில் இருபதுக்கு மேல் எத்தனால் கலக்கிறார்களோ? இதைச் சோதிக்கும் முறையை ஒரு வீடியோவில் பார்த்தான். அளவுக்கோடு போட்ட பாட்டிலில் பெட்ரோலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சந்தனச்செல்வி பாட்டிலில் பெட்ரோல் தர மறுத்துவிட்டாள். அதனால் புதன்கிழமை மாலை கொல்லையில் டேங்குக்குள் டியூபை விட்டு வாயால் உறிஞ்சினான். வர வேண்டியது வந்தது. வாய்க்குள்ளும் கொஞ்சம் வந்தது.

பாட்டிலைக் குலுக்கி, துவைக்கிற கல்மேல் வைத்து, யாரும் தவறுதலாக எடுத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் காகிதம் ஒட்டினான்: "ஆல்கஹால் 20%. என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது." பக்கத்திலேயே தன் நோட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயடியில் வாய் கொப்பளிக்கப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ஷெர்லின் அக்கா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருவின் ஜெபக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. வெள்ளிக்கிழமைக் கூட்டம் யார் வீட்டில் என்று சொல்ல வந்தவள், பாட்டிலைப் பார்த்தாள். காகிதத்தைப் படித்தாள். நோட்டையும் படித்தாள்.

"திங்கள்: காலையிலேயே ஒன்றரை லிட்டர் குடித்தது. செவ்வாய்: நெரிசலில் நின்றதால் இன்னும் கூடுதல். புதன்: மெதுவாகப் போயும் குடி குறையவில்லை. சுஜிதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாத் தவறும் என்மேல்தான்."

குழாயடியில் கிளைட்டன் மூன்றாவது முறையாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். ஷெர்லின் நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வந்த வழியே போனாள்.

போனவள் நேராகச் சென்னைக்குப் போன் போட்டாள்.

"பிளாரன்ஸ் அக்கா, உங்க சின்ன மருமவன் குடிக்கான். சும்மா குடிக்கலக்கா, நோட்டுல எழுதி வச்சுக் குடிக்கான்! எத்தனை சதவீதம்னு பாட்டில்ல ஒட்டி வேற வச்சிருக்கான். நல்ல பிள்ளைக்கா, குடியிலகூட அவ்வளவு ஒழுங்கு."

பத்து நிமிடத்தில் கிளைட்டனின் போன் அடித்தது. மாமனார். குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள்.

"மாப்ள, மறைக்காம சொல்லணும். இந்தக் குடி எத்தனை நாளா?"

கிளைட்டன் நோட்டைப் புரட்டினான். கடைசியில் அவரே கேட்டுவிட்டார். "நீங்க சென்னைக்குப் போன நாள்லருந்தே மாமா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ரெண்டு லிட்டர் ஆகும். வெயில்ல நின்னா மூணு."

மறுமுனையில் குரல் இன்னும் தாழ்ந்தது. "மூணு… லிட்டரா? சுஜிதா ஒண்ணும் சொல்லலையா?"

"அவளும் கூட உக்காந்தா இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும் மாமா."

"கூட உக்காருதாளா!"

"தினமும் காலையில ரெண்டு பேரும் சேர்ந்துதானே மாமா. ஆரம்பத்துல அவளுக்கு ஏசி இல்லாம ஒத்துக்கல. இப்பப் பழகிட்டா."

போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் சிலுவை வந்து இறங்கினார். வாசலில் பையை வைத்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்த மருமகனின் முகத்தருகே போய் மூக்கை நீட்டினார். ஒருமுறை முகர்ந்தார். முகம் மாறியது. மறுபடியும் முகர்ந்தார்.

"என்ன மாப்ள இது? பெட்ரோல் வாடை அடிக்கு?"

"டியூபை வச்சு உறிஞ்சினேன் மாமா. நேத்துலருந்து போக மாட்டேங்கு."

சுஜிதா காபியை வைத்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினாள். திரும்பி வந்து நோட்டை அப்பாவின் கையில் கொடுத்தாள். "டாடி, குடிச்சது இவுக இல்ல. உங்க கார்."

சிலுவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் தோள்கள் தளர்ந்தன. கடவுளுக்கு நன்றி சொல்லி மேலே பார்த்தார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். 13.9. 13.6. 13.4. 11.3. தோள்கள் மறுபடியும் விறைத்தன.

"மாப்ள, குடிச்சிருந்தாக்கூட ஆஸ்பத்திரியில சேர்த்துக் குணப்படுத்திருக்கலாம். பதினொண்ணு புள்ளி மூணை எங்கன கொண்டுபோய்ச் சேக்க?"

"எத்தனால் சரியா இருபதுதான் இருக்கு மாமா. பாட்டில்ல பார்த்துட்டேன். பங்க்ல தப்பில்ல, வண்டியில தப்பில்ல." கிளைட்டன் தலையைக் குனிந்தான். "என் கால்தான்."

"நாளைக்கு நான் ஓட்டுதேன். பக்கத்துல உக்காந்து என் காலை மட்டும் பாருங்க. வேம்பாருக்குப் போய்ட்டு வந்தா தொண்ணூறு கிலோமீட்டர். அஞ்சு லிட்டர் பிடிக்கும். தொண்ணூறை அஞ்சால வகுத்தா எவ்வளவு?"

"பதினெட்டு."

"அதுக்குப் பிறகு ஹென்றி வந்து வண்டிய எடுத்துக்கிடட்டும். உங்களுக்கும் மனசு சமாதானமாயிரும்."

அன்று மாலையே கிளைட்டன் போய் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். ஸ்டெப்னியைத் திரும்ப டிக்கியில் வைத்தான். டயர் காற்று முப்பத்திரண்டு.

வெள்ளிக்கிழமை சுஜிதாவும் லீவு போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். அப்பா ஓட்டும்போது பார்க்க வேண்டும் என்றாள். கடைசித் தடவையாக ஏசியில் உட்கார வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை, கிளைட்டனுக்குக் கேட்டுவிட்டது.

சிலுவை ஓட்டியது கிளைட்டன் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பூப்போல என்றார்கள், இது புல்டோசர் போல இருந்தது. ஏசியை முழுதாக வைத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்ணூறுக்குக் குறையவில்லை. முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸையும் சொந்தப் பகையாளியைப் போல விரட்டினார். வேம்பாரில் எஞ்சினை அணைக்காமலே பதநீர் வாங்கிக் குடித்தார். கிளைட்டன் அவர் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தான். நோட்டில் எழுதினான்: "இதில் ஏதோ நுட்பம் இருக்கிறது. எனக்குப் புரியவில்லை."

ஊர் நெருங்க நெருங்கச் சிலுவையின் பேச்சு குறைந்தது. வீட்டுத் தெரு முனையில் வண்டியை நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் இறங்கிக்கங்க. வெயில்ல எதுக்கு அலையணும்? நான் போய்ப் பெட்ரோல் போட்டுட்டுப் பில்லோட வாரேன்."

"நானும் வாரேன் மாமா."

"அப்ப இங்கன பக்கத்துப் பங்க்லயே போட்டுருவோம். அங்க கூட்டமா இருக்கும்."

கல்யாணமாகி இந்த எட்டு மாதத்தில் கிளைட்டன் மாமனாரிடம் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. ஆனால் இது முறை சம்பந்தப்பட்ட விஷயம்.

"அது முடியாது மாமா. அதே பங்க், அதே பம்பு, அதே ஆளு. ஒண்ணு மாறினாலும் கணக்கு செல்லாது. பத்து வருஷமா நீங்க அங்கதானே போட்டிருக்கீங்க?"

"அவுக சொல்லுறது சரிதான் டாடி" என்றாள் சுஜிதா பின்னாலிருந்து. "உங்க நோட்டுல எல்லாம் அந்தப் பங்க் பில்தான் ஒட்டியிருக்கு."

சிலுவை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஏசி முழுதாக ஓடிக்கொண்டிருந்தது.

பங்கில் கூட்டமே இல்லை. சந்தனச்செல்வி துணியால் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"ஐயா! எப்ப வந்திய? பேரப்பிள்ளை பிறந்தாச்சா?"

"ம்… இன்னும் இல்ல. டேங்க்கை நிரப்பும்மா. சீக்கிரம்."

கிளைட்டன் இறங்கிப் பம்பின் எதிரே நோட்டும் பேனாவுமாக நின்றான். மீட்டரில் தூரம் சரியாகத் தொண்ணூறு. எண்கள் ஓடத் தொடங்கின. நான்கு. நாலரை. ஐந்து. அவன் கண்ணை மூடிக்கொண்டான், சத்தம் நிற்பதைக் கேட்க. நிற்கவில்லை. ஐந்தரை. ஆறு. சிலுவை தொண்டையைச் செருமினார். ஆறு புள்ளி நான்கில் பம்பு டக்கென்று நின்றது.

கிளைட்டன் வகுத்தான். பதினான்கு புள்ளி பூஜ்யம் ஆறு. தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று இன்னொரு தடவை வகுத்தான்.

சிலுவை அவசரமாகத் தலையை வெளியே நீட்டி, கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். சந்தனச்செல்வி புரிந்துகொண்டவளாகத் தலையை ஆட்டி, இடுப்பில் செருகியிருந்த பில் புத்தகத்தை எடுத்தாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"தெரியும்ய்யா, வழக்கம்போல ரெண்டு பில்லுதானே? கிழிச்சுப் போடுறதுக்கு ஆறு புள்ளி நாலு. நோட்டுல ஒட்டுறதுக்கு எத்தனை லிட்டர் எழுதட்டும்?"